பேயாண்டிக்கு ஒரு மாலை

பிணம் தும்மியது!

ஒரு தடவை அல்ல... இரண்டு தடவை.

தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்துக் கொண்டிருந்த தங்கப்பொண்ணு பாட்டை நிறுத்திவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக் கொண்டாள். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். கொட்டுக்காரர்கள் குச்சிகளைக் கீழே போட்டார்கள்.

பக்கத்து வீட்டு மொட்டை மாடியில் இருந்து சோர்வாக ஒரு குரல் வந்தது.

"கட்..."

இயக்குநர் முகேஷ். சொந்த ஊர் வாடிப்பட்டி. வயது இருபத்தாறு. இன்ஜினீயரிங் படித்து முடித்தான். படித்ததை மறந்தும் முடித்தான். இது முதல் படம். பெயர், 'பொழுதோட எடுத்துரணும்'. ஒரு சாவு வீட்டில் விடிந்ததில் இருந்து பொழுது சாயும் வரை நடக்கிற கதை.

ஹீரோயின் கிடையாது. பாட்டு கிடையாது. சண்டை கிடையாது. ஹீரோ மட்டும் உண்டு... அவரும் முதல் காட்சியிலேயே செத்துப் போயிருப்பார்.

இதைவிடக் குறைந்த செலவில் படம் எடுக்க வேண்டுமானால் கேமரா இல்லாமல்தான் எடுக்க வேண்டும்.

முகேஷ் படியிறங்கி ஓடி வந்தான்.

"என்னண்ணே ஆச்சு?"

பிணம் எழுந்து உட்கார்ந்து தாடைக்கட்டை அவிழ்த்தது. பிணத்தின் பெயர் பேயாண்டி. ஐம்பதைத் தாண்டியவர்.

"சம்பங்கி தம்பி. எனக்கு ஆகாது. யாரோ மாலையில வச்சுக் கட்டிட்டாய்ங்க."

"செத்தவருக்கு எப்படிண்ணே சம்பங்கி ஆகாமப் போகும்?"

"செத்தவனையா படுக்க வச்சிருக்கீக? உசுரோட இருக்கறவனத்தான வச்சிருக்கீக."

முகேஷ் சம்பங்கியைப் பிய்த்துப் போடச் சொன்னான்.

மாலைக்குள் ஒரு சின்ன மைக் ஒளிந்திருந்தது. சவுண்டு பார்க்கிற ரோகிணியின் ஏற்பாடு. தங்கப்பொண்ணுவின் ஒப்பாரியை மூச்சுக்காற்றோடு பிடிக்க வேண்டுமாம். அவளும் மாடியில்தான் இருந்தாள்... காதில் பெரிய ஹெட்போன். கேமராமேன் சூர்யபிரகாஷும் அங்கேதான், கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்தான்.

இது முகேஷின் கொள்கை. கேமராவைப் பார்த்தால் ஜனங்கள் நடிக்க ஆரம்பித்து விடுவார்கள். அதனால் கேமரா கண்ணில் படவே கூடாது. உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமம், ஒரு காலி வீடு, ஒரு சாமியானா, நடிக்க அந்த ஊர் ஜனங்கள். லைட் இல்லை, குடை இல்லை, நாற்காலியில் 'டைரக்டர்' என்று எழுதியிருக்கவில்லை. நாற்காலியே இல்லை.

பார்க்கிற யாருக்கும் அது ஷூட்டிங் என்று தெரியாது... அசல் சாவு வீடு என்றுதான் தோன்றும்.

அதில்தான் வந்தது வினை.

* * *

பிணமாக நடிக்க ஆள் கிடைக்காமல் முகேஷ் அல்லாடியிருந்தான்.

"நடிக்க வாரோம் தம்பி. குடிகாரனா வேணாலும் நடிக்கிறோம். செத்து மட்டும் காட்ட மாட்டோம்" என்று ஊரில் ஒருத்தர் விடாமல் சொல்லிவிட்டார்கள்.

அப்போது தானாக வந்து நின்றவர்தான் பேயாண்டி. ஊருக்குப் புதியவர். ஒரு தென்னந்தோப்பில் காவல் வேலை.

"நான் படுக்குறேன் தம்பி. சம்பளம் வேணாம்."

"ஏண்ணே வேணாம்?"

"ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. படத்துக்குக் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிப்பீகள்ல? அதுல என் சொந்தப் பேரையே போடுங்க. போட்டோ பெருசா இருக்கணும்."

முகேஷுக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன ஒரு கலை ஆர்வம்!

கலை ஆர்வமாவது, ஒன்றாவது... அது உயிர் ஆசை. பாவம், முகேஷுக்கு அது தெரியாது.

மதுரைப் பக்கம் ஒருவர் செத்துப் போனார் என்பதற்கு டாக்டர் சர்டிபிகேட்டைவிட சுவரில் ஒட்டிய போஸ்டருக்குத்தான் மரியாதை அதிகம். அதனால் போஸ்டரில் ஒரு குறையும் இருக்கக் கூடாது என்று முகேஷ் பார்த்துப் பார்த்து அடித்தான். பேயாண்டியின் சிரித்த முகம். ஊர் பெயர். ஷூட்டிங் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையின் தேதி. 'மாலை அன்னாரின் இல்லத்திலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படும்' என்ற வரி.

உசிலம்பட்டி பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டிப் படம் பிடித்தார்கள். மீதிக் கட்டு மறுநாள் காணாமல் போயிருந்தது. மாடு தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

* * *

"ரோலிங்..."

பேயாண்டி மறுபடி செத்தார். தங்கப்பொண்ணு மறுபடி ஆரம்பித்தாள். கொட்டு முழங்கியது.

அந்த நேரம் பார்த்து தெருமுனையில் ஒரு பெரிய வெள்ளைக் கார் வந்து நின்றது.

கதவு திறந்தது. வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கழுத்தில் கனமான செயின். கருத்த, பருத்த ஓர் ஆள் இறங்கினார். பின்னால் ஒருவன் ஆளுயர மாலையைச் சுமந்து கொண்டு வந்தான்.

மாடியில் முகேஷ் சூர்யபிரகாஷின் தோளைப் பிடித்தான்.

"மாப்ள, யாருடா இது?"

"நீ சொல்லி வந்த ஆள் இல்லையா?"

"நான் யாரையும் வரச் சொல்லலடா."

"அப்ப கட் சொல்லு."

முகேஷ் வாயைத் திறந்தான்... மூடிக் கொண்டான்.

அந்த ஆள் நடந்து வந்த விதம் அப்படி. சாவு வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக் கொண்டு, தலையைக் குனிந்தபடி வந்தார். எந்த நடிகனுக்கு அந்த நடை வரும்?

"விடு. போற வரைக்கும் போகட்டும்" என்றான் முகேஷ் கிசுகிசுப்பாக.

கீழேயும் யாரும் அவரைத் தடுக்கவில்லை. சாவு வீட்டில் யாரும் யாரையும் 'வாங்க' என்று கேட்கிற வழக்கம் கிடையாது. யார் நீங்கள் என்று விசாரிக்கிற வழக்கமும் கிடையாது. வரிசையாக நின்ற ஆண்கள் கையை நீட்டினார்கள். அவர் ஒவ்வொரு கையாகத் தொட்டுவிட்டு உள்ளே போனார். புதிதாக ஒரு நடிகரை டைரக்டர் இறக்கியிருக்கிறார் என்று அவர்கள் நினைத்துக் கொண்டார்கள்.

வந்தவருக்கோ இது ஷூட்டிங் என்றே தெரியாது!

மாலை பேயாண்டியின் மார்பில் விழுந்தது.

சம்பங்கி மாலை!

ஹெட்போனில் ரோகிணிக்கு ஒரு சத்தம் கேட்டது. திக்... திக்... திக்... அவள் முதலில் கொட்டுச் சத்தம் என்று நினைத்தாள். கொட்டு நின்ற பிறகும் அது நிற்கவில்லை. அது பேயாண்டியின் இதயம்.

"முகேஷ்... பேயாண்டி அண்ணன் பயந்து போயிருக்காரு" என்றாள்.

"எதுக்கு?"

"தெரியல. இதயம் ஓடுற ஓட்டத்தப் பாத்தா வெளிய வந்து விழுந்துரும் போலிருக்கு."

வந்தவர் தலைமாட்டில் மண்டியிட்டார். பேயாண்டியின் கையைப் பிடித்தார். சட்டென்று புருவம் சுருங்கியது.

"என்ன... ஒடம்பு இன்னும் சூடா இருக்கு?"

மாடியில் மூன்று பேரும் சுவருக்குக் கீழே இன்னும் குனிந்தார்கள்.

தங்கப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தாள். புது நடிகர் வசனத்தை மறந்துவிட்டு எதையோ உளறுகிறார் என்று அவளுக்குத் தோன்றியது. சமாளித்து விடுவோம் என்று மூக்கைச் சிந்திவிட்டுச் சொன்னாள்.

"காலையில இருந்து வெயில்ல கெடக்குற ஒடம்பு சூடா இல்லாம ஐஸாவா இருக்கும்? ஒரு ஐஸ் பொட்டி வாங்கிப் போடக்கூட நாதியத்துப் போனோமே... என் ராசா..."

பெண்கள் எல்லாரும் சேர்ந்து அழுதார்கள். வந்தவரின் முகம் இளகியது.

பிறகு அவரும் அழுதார். சும்மா கண்ணைத் துடைக்கிற அழுகை இல்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, பெரிய உடம்பு முழுக்க ஆடுகிற அழுகை. அழுதுகொண்டே பிணத்தின் காதருகே குனிந்தார். குரல் தாழ்ந்தது.

கிட்டத்தில் இருந்த தங்கப்பொண்ணுவுக்கே அது கேட்கவில்லை. மாலைக்குள் இருந்த மைக்குக்குக் கேட்டது!

"பேயாண்டி... என்னைய மன்னிச்சிருடா. அழகுபாண்டிய நான் குவாரிப் பள்ளத்துல தள்ளிவிட்டத நீ பாத்துட்ட. உன்னையும் முடிச்சிரத்தான் ஆள் விட்டுத் தேடுனேன். அதுக்குள்ள நீயே போயிட்ட. கோவத்தோட போயிராதடா. நம்ம பகை இதோட தீந்துச்சு. எங்க வீட்டு வாசலுக்கு மட்டும் வந்துராத... எனக்குப் பிள்ளைகுட்டி இருக்கு."

மாடியில் ரோகிணி ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தாள்.

வந்தவர் எழுந்தார். முகத்தைத் துடைத்தார். யாரிடமும் சொல்லிக் கொள்ளாமல் நடந்தார். சாவு வீட்டில் சொல்லிக் கொண்டு போகிற வழக்கமும் கிடையாது. காரில் ஏறினார்.

கார் கதவு அறைந்து சாத்திய அதே நொடியில்...

பிணம் தும்மியது. நிறுத்தாமல் தும்மியது.

"கட்" என்று கத்தினான் முகேஷ். "என்னா நடிப்புடா... மாப்ள, என்னா நடிப்பு. நம்ம படத்துலயே இதாண்டா பெஸ்ட் சீன்."

அந்தச் சந்தோஷக் கூச்சலும் மைக்கில் பதிவானது. அதை நினைத்து அவன் பிறகு ரொம்பவே வருத்தப்பட்டான்.

* * *

பேயாண்டி சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்.

"போயிட்டானா?"

"போயிட்டாருண்ணே. யாரு அவரு?"

"ஆண்டிச்சாமி. மேலூர்ப் பக்கம் குவாரி வச்சிருக்கான். அவனும் அழகுபாண்டியும் கூட்டு. அங்க நான் வாட்ச்மேனா இருந்தேன். அழகுபாண்டி கால் வழுக்கிப் பள்ளத்துத் தண்ணியில விழுந்துட்டாருன்னுதான் ஊரே நம்புச்சு. வழுக்கல தம்பி. இவன் தள்ளிவிட்டத நான் பாத்தேன். நான் பாத்தத அவனும் பாத்துட்டான்."

"அதனால இங்க வந்து ஒளிஞ்சீங்களா?"

"எம்புட்டு நாளு ஒளிய? செத்துட்டேன்னு தெரிஞ்சா தேட மாட்டான்ல. அதான் உன் படத்துல படுத்தேன். மீதி போஸ்டரத் தூக்கிட்டுப் போயி நாந்தான் மேலூர் பஸ் ஸ்டாண்டுல ஒட்டினேன். தலையில துண்டப் போட்டுக்கிட்டு."

தன்னுடைய கண்ணீர் அஞ்சலியைத் தானே பசை தடவி ஒட்டிய மனிதரை முகேஷ் ஏற இறங்கப் பார்த்தான்.

"அதுல ஊர் பேரும் தேதியும் இருந்துச்சேண்ணே. அவன் கிளம்பி வருவான்னு நினைக்கலையா?"

"அத யோசிக்காம விட்டுட்டேன் தம்பி. மேலூர் வட்டாரத்துல எந்தச் சாவுன்னாலும் அவன் மாலைதான் மொதல்ல விழும். பகையாளி சாவுன்னா விடவே மாட்டான். அதுல அவனுக்கு ஒரு பெருமை."

ரோகிணி ஹெட்போனை முகேஷின் காதில் மாட்டினாள். அவன் கேட்டான். மறுபடியும் கேட்டான். மெதுவாகக் கழற்றினான்.

"போலீசுக்குப் போவோம்" என்றாள் ரோகிணி.

"வேணாம்மா" என்றார் பேயாண்டி. "நான் செத்தவனாவே இருந்துக்கிறேன்."

"அண்ணே, படம் வெளிய வந்தா?" என்றாள் ரோகிணி. "செத்தவரு பிரஸ் மீட்ல நிக்கிறாருன்னு ஆண்டிச்சாமிக்குத் தெரிஞ்சிராதா?"

பேயாண்டி விழித்தார். இவ்வளவு தூரம் அவர் யோசிக்கவில்லை. ஒருவேளை இந்தப் படம் வெளியே வரவே வராது என்று நம்பியிருந்தாரோ என்னவோ... யூனிட்டில் பாதிப் பேர் அப்படித்தான் நம்பிக் கொண்டிருந்தார்கள்.

* * *

இன்ஸ்பெக்டர் சரண்யாதேவி அந்தப் பதிவைக் கண்ணை மூடிக் கேட்டார். கேட்டு முடித்ததும் ஆண்டிச்சாமியை அழைத்து வர ஒரு ஜீப் போனது.

பிறகு முகேஷ் பக்கம் திரும்பினார்.

"ஒரிஜினல் எதுல இருக்கு?"

"இந்த ஹார்ட் டிஸ்க்லதான் மேடம். படமே இதுலதான் இருக்கு."

"குடுங்க. சீல் வைக்கணும்."

"ஒரு காப்பி எடுத்துட்டுத் தரட்டுமா மேடம்?"

"இனிமே இத நீங்க தொட்டா, வெட்டி ஒட்டிட்டாங்கன்னு எதிர் வக்கீல் பிடிச்சுக்குவாரு. முன்னாடியே இன்னொரு டிஸ்க்ல போட்டு வைக்கலையா?"

முகேஷ் தரையைப் பார்த்தான்.

"இன்னொரு டிஸ்க் வாங்குறதுக்குப் பதிலா யூனிட்டுக்கு பிரியாணி போட்டுட்டேன் மேடம்."

சரண்யாதேவி சிரிப்பை அடக்கிக் கொண்டார்.

"கேஸ் மொத்தமா முடிஞ்சாத்தான் திரும்பக் கிடைக்கும். மேல்கோர்ட்டுக்குப் போனா அதுவரைக்கும் பொறுத்துக்கணும்."

அரக்கு உருகி டிஸ்க்கின் உறைமீது சொட்டியது. வீட்டில் சண்டை போட்டு, அம்மாவின் பேச்சை எல்லாம் கேட்டு, நண்பர்களைக் கெஞ்சி எடுத்த படம். முகேஷுக்கு அழுகையாக வந்தது. அடக்கிக் கொள்ளவும் இல்லை, அழுதான்.

* * *

வழக்கு மதுரைக் கோர்ட்டில் நடந்தது.

பேயாண்டி சாட்சிக் கூண்டில் ஏறி நடந்ததை நடந்தபடி சொன்னார். ஆண்டிச்சாமியின் வக்கீல் எழுந்து ஒரே ஒரு போஸ்டரைத் தூக்கிக் காட்டினார்.

"இது நீங்கதானே?"

"ஆமாங்கய்யா."

"இதுல நீங்க செத்துப் போயிட்டதா இருக்கு. நீங்களே ஒட்டினது. தான் செத்துட்டதா ஊருக்கே பொய் சொன்ன ஆள், இன்னொருத்தர் எப்படிச் செத்தார்ங்கிறதுல மட்டும் உண்மை சொல்லுவார்... அப்படித்தானே?"

கோர்ட்டில் சிரிப்பு கிளம்பியது. பேயாண்டி கூனிக் குறுகிப் போனார்.

இனி அந்தப் பதிவு ஒன்றுதான் மிச்சம். அதற்கும் வக்கீல் பதில் வைத்திருந்தார்.

"என் கட்சிக்காரர் அந்தப் படத்துல நடிச்சார், கனம் நீதிபதி அவர்களே. காதுல சொன்னது சினிமா வசனம்."

அன்று சாயங்காலம் டீக்கடையில் முகேஷின் பக்கத்தில் ஆண்டிச்சாமி தரப்பு இளம் வக்கீல் ஒருவர் வந்து உட்கார்ந்தார்.

"பிரதர், நாளைக்கு நீங்க சாட்சி. ஆமா, அவரு நடிச்சாருன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது வசனம்னு ஆயிட்டா ஹார்ட் டிஸ்க் சாட்சியமே இல்ல. டிஸ்க்கு வந்துரும். மதுரையில இருந்து மேலூர் வரைக்கும் எல்லாத் தியேட்டர்லயும் உங்க படம் ஓடும்."

"ஆள் வருவாங்களா?"

"வர வைப்போம். லாரியில."

முகேஷ் டீயைக் குடித்தான். ஆசையாக இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது? லாரியில் வந்தாலும் ஜனம் ஜனம்தானே என்றுகூட ஒரு கணம் நினைத்தான்.

வெளியே பேயாண்டி நின்று கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"உனக்கு எது நல்லதோ அதச் சொல்லு தம்பி. நான் வேற ஊரு பாத்துக்கிறேன். அது உன் படம்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட முகேஷ் தாங்கியிருப்பான்.

* * *

மறுநாள் கோர்ட்டில் கூட்டம். ஆண்டிச்சாமியின் பங்காளிகளும் சம்பந்திகளும் இரண்டு வரிசை நிறைய உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் வெள்ளை வேட்டி.

திரையில் அந்தக் காட்சி ஓடியது. அழுகை, காதருகே குனிதல், கிசுகிசுப்பு. கடைசியில் முகேஷின் கூச்சலும் வந்தது: 'என்னா நடிப்புடா... என்னா நடிப்பு!'

ஆண்டிச்சாமியின் வக்கீல் நிதானமாக எழுந்தார்.

"மிஸ்டர் முகேஷ், இது உங்க குரல்தானே?"

"ஆமா சார். ஆனா அவரு நடிகர் இல்ல. நான் அவரக் கூப்பிடல."

"கூப்பிடாத ஆள் ஃப்ரேமுக்குள்ள வந்தா கட் சொல்லணுமே. சொன்னீங்களா?"

"சொல்லல."

"பக்கத்துல இருந்த அம்மா அவருக்குப் பதில் வசனம் பேசினாங்களா?"

"பேசுனாங்க."

"முடிஞ்சதும் நீங்க என்ன சொன்னீங்க? 'என்னா பாவம்'னு சொன்னீங்களா, 'என்னா கொலை'ன்னு சொன்னீங்களா? 'என்னா நடிப்பு'ன்னு சொன்னீங்க."

நீதிபதி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். அரசு வக்கீல் கூரையைப் பார்த்தார். ஆண்டிச்சாமி கூண்டில் நிம்மதியாக மீசையைத் தடவினார்.

முடிந்தது... எல்லாமே முடிந்தது!

முகேஷின் பார்வை அந்த வெள்ளை வேட்டி வரிசைகள்மீது போனது. அங்கிருந்து ஆண்டிச்சாமியிடம் வந்தது. நடிக்கத் தெரியாதவர்களை வைத்து ஒரு முழுப் படம் எடுத்தவன் அவன். யாரை எந்த இடத்தில் சீண்டினால் உள்ளே இருப்பது வெளியே வரும் என்பது, உலகத்தில் அவனுக்கு உருப்படியாகத் தெரிந்த ஒரே விஷயம்.

"சார், நீங்க சொல்ற மாதிரி அது நடிப்புன்னே வச்சுக்குவோம்" என்றான்.

வக்கீலின் முகம் மலர்ந்தது.

"அப்படி வாங்க."

"நடிப்புன்னா, அது ரொம்ப மட்டமான நடிப்பு சார். நான் அன்னைக்கு அவசரப்பட்டுப் பாராட்டிட்டேன். இப்ப பாக்குறப்ப தெரியுது. பொய் அழுகை. கண்ணுலதான் தண்ணி வருது, மனசுல ஒண்ணும் இல்ல."

கூண்டில் மீசையைத் தடவிய கை நின்றது.

வக்கீலுக்கு ஏகக் குஷி. சாட்சியே தன் வழிக்கு வந்துவிட்டானே!

"அதேதான், கனம் நீதிபதி அவர்களே. முழுக்க முழுக்கப் பொய் அழுகை. என் கட்சிக்காரர் கிளிசரின் போட்டுக்கிட்டு அழுதார்."

"கிளிசரினா?"

கேட்டது ஆண்டிச்சாமி. வரிசையில் ஒரு சம்பந்தி இன்னொருவரின் காதில் ஏதோ சொன்னார். இருவரும் ஆண்டிச்சாமியை ஒரு மாதிரி பார்த்தார்கள்.

"நீங்க சும்மா இருங்க" என்றார் வக்கீல் பல்லைக் கடித்தபடி.

"அதாவது சார்" என்று முகேஷ் தொடர்ந்தான், "சாவு வீட்டுல சும்மா பேருக்கு வந்து மூக்கச் சிந்திட்டுப் போவாங்கல்ல, அந்த மாதிரி. மாலைதான் பெருசு."

"ஏய்..." ஆண்டிச்சாமி கூண்டுக் கம்பியைப் பிடித்தார். முகம் சிவந்திருந்தது. "யாரப் பாத்துடா பொய் அழுகைங்கிற? யோவ் வக்கீலு, நீ உக்காருய்யா. இந்த ஆண்டிச்சாமி சாவு வீட்டுல கிளிசரின் போட்டு அழுதான்னு நாளைக்கு எங்க சனத்துல ஒருத்தன் பேசுனா நான் எப்படித் தலைநிமிந்து நடக்கிறது? எந்த வீட்டுச் சாவுக்குப் போயி நிப்பேன்?"

"ஆண்டிச்சாமி, வேணாம்..."

"அழுதது நெசம்யா. மனசார அழுதேன். மனசார மன்னிப்பு கேட்டேன். சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் நெசம்."

நீதிபதி பேனாவைக் கையில் எடுத்தார். மிகவும் மென்மையாகக் கேட்டார்.

"ஒவ்வொரு வார்த்தையுமா?"

"ஆமாங்கய்யா. அம்புட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் ஆண்டிச்சாமிக்கு உறைத்தது. திறந்த வாய் மூடவில்லை. அவருடைய வக்கீல் மெதுவாக உட்கார்ந்து, தலையைக் கையில் தாங்கிக் கொண்டார்.

* * *

ஆயுள் தண்டனை.

தீர்ப்பு சொன்ன அன்றைக்கே பேயாண்டி மேலூருக்குப் பஸ் ஏறிவிட்டார். அங்கே சுவரில் மிச்சமிருந்த தன்னுடைய போஸ்டர்களை நகத்தால் சுரண்டிச் சுரண்டிக் கிழித்தாராம். தலையில் துண்டு இல்லாமல், நடு பஸ் ஸ்டாண்டில் நின்று. பார்த்த ஒரு பூக்காரி பேய் என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறாள்.

முகேஷ் கோர்ட் வராந்தாவில் தனியாக நின்றான். உள்ளே எங்கோ ஓர் அலமாரியில் அவன் படம் அரக்கு முத்திரையோடு தூங்கிக் கொண்டிருந்தது. பேயாண்டி பிழைத்ததில் சந்தோஷம்தான்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே ஆண்டிச்சாமி நடந்து வந்தார். முகேஷைப் பார்த்ததும் நின்றார். அடிக்கப் போகிறாரோ என்று முகேஷ் ஓரடி பின்வாங்கினான்.

ஆண்டிச்சாமி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி... உண்மையச் சொல்லு. அந்த அழுகை... அம்புட்டு மோசமாவா இருந்துச்சு?"

முகேஷ் ஓரடி முன்னால் வந்தான்.

"இல்லண்ணே. படத்துலயே பெஸ்ட் சீன் அதுதான். அன்னைக்குக் கூண்டுல நின்னு நான் பேசுனதுதாண்ணே நடிப்பு."

ஆண்டிச்சாமியின் முகத்தில் மெல்ல ஒரு வெளிச்சம் வந்தது. ஆயுள் தண்டனை வாங்கிய மனிதர் மாதிரியே இல்லை... அவார்டு வாங்கியவர் மாதிரி இருந்தார்.

"அப்ப அத வெட்டிற மாட்டேல்ல?"

"மாட்டேண்ணே."

"படம் எப்ப வருது? எங்க சனம் பூராம் பாக்கணும்ல. நான் கிளிசரின் போடலன்னு தெரியணும்."

முகேஷ் அவர் கையை அன்போடு பற்றிக் கொண்டான்.

"அது உங்க கையிலதாண்ணே இருக்கு. நீங்க மட்டும் அப்பீல் போகாம இருந்தீகன்னா... பொங்கலுக்கே ரிலீஸ் பண்ணிரலாம்."